பேச்சு மன்றக் கூட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மேடைப்பேச்சுப் பயிற்சி மன்றங்களின் வழக்கமான கூட்டங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கீழே சொல்லும் கால அளவுகள், மேடைப்பேச்சுப் பயிற்சிக்கான உலகளாவிய அமைப்பான டோஸ்ட்மாஸ்டர்ஸின் மன்றங்களில் வழக்கமாக இருப்பவை. தனித்து இயங்கும் மன்றங்களும் பெரும்பாலும் இவற்றையே எடுத்துக்கொள்கின்றன.

கேள்வி: ஒரு பேச்சு மன்றக் கூட்டத்துக்கு விருந்தினராக வரும்படி தோழி அழைக்கிறாள். போனால் மேடையில் ஏற்றிவிடுவார்களோ என்று தயக்கம். அங்கே என்னதான் நடக்கும்?

விருப்பமில்லாதவரை மேடையேற்றுவது நல்ல மன்றத்தின் வழக்கமில்லை. கூட்டம் முடியும் தறுவாயில் "எப்படி இருந்தது?" என்று விருந்தினரைக் கேட்பார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். திடீர்ப் பேச்சுப் பகுதிக்கு விருந்தினரை அழைப்பதும் உண்டு, ஆனால் முன்பே கேட்டுக்கொண்டுதான் அழைக்க வேண்டும். வாசலில் பெயர் எழுதும்போதே "இன்று கேட்க மட்டும் வந்திருக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

கூட்டத்தில் மூன்று பகுதிகள் இருக்கும். முதலில் இரண்டு அல்லது மூன்று பேர், தயாரித்து வந்த பேச்சைப் பேசுவார்கள். அடுத்தது திடீர்ப் பேச்சு: அந்த இடத்திலேயே கொடுக்கப்படும் கேள்விக்கு ஒன்று முதல் இரண்டு நிமிடம் பதில் சொல்ல வேண்டும். மூன்றாவது, மதிப்பீடு. தயாரித்துப் பேசிய ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பீட்டாளர் உண்டு. பேச்சாளர் செய்தது என்ன, அடுத்த முறை எதை மாற்றலாம் என்று அவர் இரண்டு மூன்று நிமிடத்தில் சொல்வார். முதல் முறை போகிறவர்கள் இந்த மூன்றாம் பகுதியைக் கவனித்துக் கேளுங்கள். அந்த மன்றத்தில் சேரலாமா வேண்டாமா என்பது அதிலேயே தெரிந்துவிடும். எல்லாரையும் எல்லாரும் பாராட்டிக்கொண்டே இருந்தால் அங்கே கற்றுக்கொள்ள அதிகம் இருக்காது. பேசியவர் முகம் வாடும்படி குறை சொன்னாலும் அங்கே நிலைப்பது கடினம்.

கேள்வி: எங்கள் கூட்டத்துக்கு 90 நிமிடம் ஒதுக்கியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் தாண்டிவிடுகிறது. பேச்சாளர்கள் யாரும் அதிகம் பேசுவதில்லை. நேரம் எங்கே போகிறது?

பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவில் போகிறது. நிகழ்ச்சி நிரலில் பேச்சுகளை மட்டும் கூட்டிப் பார்க்கிறோம், இடைவெளிகளைச் சேர்ப்பதில்லை. உங்கள் 90 நிமிடத்தைப் பிரித்துப் பார்ப்போம்.

தொடக்கமும் தலைவர் உரையும் 5 நிமிடம். கூட்டத்தை நடத்தும் நெறியாளரின் முன்னுரை, நேரம் பார்க்கும் டைமர் முதலான பொறுப்பாளர்கள் தங்கள் வேலையை விளக்குவது எல்லாம் சேர்த்து 7. தயாரித்த பேச்சு ஒன்றுக்கு 7 நிமிடம் என்கிறோம். அதோடு 30 விநாடிச் சலுகை, பேச்சாளரை அறிமுகப்படுத்த ஒரு நிமிடம், பேச்சு முடிந்ததும் அவையோர் துண்டுச்சீட்டில் கருத்து எழுத ஒரு நிமிடம் சேரும்போது ஒன்பதரை. மூன்று பேச்சுக்கு இருபத்தெட்டரை. திடீர்ப் பேச்சில், கேள்வி வாசிப்பதும் ஆள் எழுந்து வருவதும் கைதட்டலும் சேர்த்தால் ஒருவருக்கு 3 நிமிடம். ஆறு பேருக்கு 18. மூன்று மதிப்பீடுகளுக்கு, தலைக்கு 4 வீதம் 12. டைமர், 'ஆ', 'ம்' போன்ற வெற்றுச் சொற்களை எண்ணும் ஆ-கவுண்ட்டர், மொழியைக் கவனிப்பவர் ஆகியோரின் அறிக்கை தலைக்கு 2 வீதம் 6. கூட்டம் முழுவதையும் மதிப்பிடும் பொது மதிப்பீட்டாளருக்கு 5. எல்லாம் கூட்டினால் எண்பத்தொன்றரை. பரிசு, விருந்தினர் கருத்து, அறிவிப்புகளுக்கு மிஞ்சுவது எட்டரை நிமிடம்.

ஆக, மூன்று பேச்சு வைத்தால் எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் நேரம் மிச்சமிருக்காது. ஐந்து நிமிடம் தாமதமாகத் தொடங்கினாலே கதை முடிந்தது. 90 நிமிடக் கூட்டத்துக்கு இரண்டு பேச்சுதான் எங்கள் பரிந்துரை. பேச்சும் அதன் மதிப்பீடும் சேர்த்துப் பதின்மூன்றரை நிமிடம் கையில் நிற்கும். மூன்றாவது பேச்சு கட்டாயம் வேண்டுமென்றால் திடீர்ப் பேச்சை மூன்று பேரோடு நிறுத்துங்கள்.

மற்றக் கசிவுகளும் தெரிந்தவைதான். புரொஜெக்டரைப் பேச்சாளர் மேடைக்கு வந்த பிறகு இணைப்பது. கூட்டம் தொடங்கும் முன்பே அன்றைய ஸ்லைடுகள் எல்லாவற்றையும் ஒரே கணினியில் ஏற்றி, ஒவ்வொன்றையும் ஒரு முறை திறந்து பார்த்துவிட வேண்டும். மேடைக்கு வரும் ஒவ்வொருவரும் தலைவர், நெறியாளர், மதிப்பீட்டாளர், விருந்தினர் என்று வரிசையாக விளித்து வணக்கம் சொல்வது இன்னொன்று. ஆளுக்கு 20 விநாடி என்றாலும் பதினைந்து பேருக்கு 5 நிமிடம். "அவையோருக்கு வணக்கம்" என்று ஒரே வரியில் முடிப்பதை மன்றத்தின் வழக்கமாக்குங்கள். அறிவிப்புகளை ஒரே ஆள், ஒரே இடத்தில், எழுதி வைத்துச் சொல்லட்டும்.

கேள்வி: அடுத்த கூட்டத்துக்கு நான்தான் டைமர். நிறுத்துக் கடிகாரத்தை அழுத்துவதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது?

பேச்சாளர் தன் பேச்சை எங்கே முடிப்பது என்று உங்கள் கையைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார். பச்சை அட்டை குறைந்தபட்ச நேரம் ஆகிவிட்டதைக் காட்டும், மஞ்சள் முடிவுரைக்குத் திரும்பச் சொல்லும், சிவப்பு நேரம் தீர்ந்ததைச் சொல்லும். 5–7 நிமிடப் பேச்சுக்கு 5, 6, 7. புதிய உறுப்பினரின் 4–6 நிமிட அறிமுகப் பேச்சுக்கு 4, 5, 6. திடீர்ப் பேச்சுக்கு 1 நிமிடம், ஒன்றரை, 2. மதிப்பீட்டுக்கு 2, இரண்டரை, 3. போட்டிகளில் தயாரித்த பேச்சு நாலரை நிமிடத்துக்குக் குறைந்தாலும் ஏழரையைத் தாண்டினாலும் தகுதி போய்விடும். வாராந்தரக் கூட்டத்திலும் அதே எல்லையை வைத்தால் போட்டியன்று பதற்றம் இருக்காது.

அன்று யார் யார் எத்தனை நிமிடப் பேச்சு பேசுகிறார்கள் என்று நிகழ்ச்சி நிரலைப் பார்த்து முன்பே எழுதிக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் 5–7 என்று நினைத்து, 4–6 பேச்சுக்குப் பச்சையைத் தாமதமாகக் காட்டுவதுதான் டைமர்கள் அடிக்கடி செய்யும் தவறு. பேச்சாளர் வாயைத் திறந்ததும் கடிகாரம் ஓட வேண்டும். பேசாமல் ஒரு சைகையோடு தொடங்கினால் அந்தச் சைகையிலிருந்தே கணக்கு. வணக்கத்தைக் கழிக்கக் கூடாது. உட்கார வேண்டிய இடம் அவையின் நடுப்பகுதி, பேச்சாளர் கண்ணுக்கு நேரே. ஓரத்தில் உட்கார்ந்தால் அவர் உங்களைத் தேடித் திரும்புவது அவைக்குத் தெரியும். அட்டையை அடுத்த நிறம் வரும்வரை வைத்திருங்கள்; சிவப்பைப் பேச்சு முடியும்வரை இறக்காதீர்கள். கைபேசியில் நேரம் பார்ப்பதானால் திரை தானாக அணைவதை நிறுத்தி, அழைப்பு வராதபடி விமான நிலைக்கு மாற்றுங்கள். ஆன்லைன் கூட்டத்தில் அட்டை சிறிதாகத் தெரியும். பின்னணிப் படத்தையே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மாற்றலாம். உங்கள் சாளரத்தைத் திரையில் நிலையாக நிறுத்திக்கொள்ளும்படி பேச்சாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அறிக்கையில் எண்களைச் சொன்னால் போதும். "6 நிமிடம் 40 விநாடி, தகுதி உண்டு." பேச்சைப் பற்றிய கருத்து டைமரின் வேலையில்லை.

கேள்வி: தமிழில் பேசும்போது எவற்றையெல்லாம் வெற்றுச் சொல் என்று கணக்கிட வேண்டும்? எங்கள் ஆ-கவுண்ட்டர் 'வந்து' என்று யார் சொன்னாலும் எண்ணிவிடுகிறார்.

"வீட்டுக்கு வந்து பார்த்தேன்" என்பதில் அது வினை, எண்ணக் கூடாது. "நான் வந்து என்ன நினைக்கிறேன்னா" என்பதில் அதற்கு வேலையே இல்லை, எண்ண வேண்டும். சொல்லை எடுத்துவிட்டு வாக்கியத்தைப் படித்துப் பார்ப்பதுதான் சோதனை. பொருள் குறையாவிட்டால் அது வெற்றுச் சொல். 'அதாவது' என்ற பிறகு உண்மையிலேயே விளக்கம் வந்தால் விட்டுவிடுங்கள். 'ஆ', 'ம்' ஆகியவற்றோடு 'பாத்தீங்கன்னா', 'என்னன்னா', 'அப்புறம்', 'சோ', 'ஆக்சுவலா', 'பேசிக்கலி' எல்லாம் கண்காணிக்க வேண்டியவை. ஒரே சொல்லை இரு முறை சொல்லித் தொடங்குவதையும் தனியாகக் குறியுங்கள்.

இவை ஏன் வருகின்றன என்று புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஒரு கருத்து முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில், மனம் தேடிக்கொண்டிருக்கும்போது வாய் சும்மா இருக்க மறுக்கிறது. தமிழில் இதற்கு ஒரு கூடுதல் காரணம் உண்டு. "போய், பார்த்து, கேட்டு, எழுதி" என்று எச்சங்களை அடுக்கி வாக்கியத்தை நீட்டிக்கொண்டே போகலாம். வினைமுற்று வரும்வரை மூச்சு விட இடம் கிடைக்காது. அந்தத் தொங்கலில்தான் 'ஆ'வும் 'வந்து'வும் நுழைகின்றன. வினைமுற்றைச் சீக்கிரம் கொண்டுவாருங்கள். "போனேன். பார்த்தேன். அவரிடமே கேட்டேன்." ஒவ்வொரு முற்றுக்குப் பிறகும் வாயை மூடி ஒரு மூச்சு. இதை இரண்டு வாரம் பழகினால் எண்ணிக்கை இறங்குவதை அறிக்கையிலேயே பார்க்கலாம்.

ஒவ்வொரு வெற்றுச் சொல்லுக்கும் மணி அடிப்பதைச் சில மன்றங்கள் பழக்கமாக வைத்திருக்கின்றன. வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பேச்சாளர் பேச்சை விட்டு மணியைக் கேட்கத் தொடங்கிவிடுகிறார். 'ஆ' 9, 'வந்து' 6, பெரும்பாலும் முன்னுரையில் என்று எண்ணிக்கையும் இடமும் சொன்னால் அதுவே போதுமான மருந்து.

கேள்வி: என்னைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்த ஒருவரின் பேச்சை மதிப்பீடு செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அவர் பேச்சில் நான் என்ன குறை காண்பது? எப்படிச் சொல்வது?

கூட்டத்தின் மற்ற எல்லாப் பகுதிகளையும்விட மதிப்பீட்டையே நாங்கள் முக்கியமாக நினைக்கிறோம். மேடை ஏறிப் பேச வேறு இடங்கள் கிடைக்கும். பேசி முடித்த அரை மணி நேரத்துக்குள் ஒருவர் கவனமாகக் கேட்டு, திருத்தக்கூடிய ஒன்றைச் சொல்லும் இடம் இது மட்டும்தான்.

மரியாதை விளிப்பிலும் தொனியிலும் இருக்கட்டும். 'ஐயா', 'அம்மா', 'அவர்கள்' என்று உங்களுக்கு இயல்பானபடி அழையுங்கள். ஆனால் "உங்கள் பேச்சை மதிப்பிட எனக்குத் தகுதியில்லை" என்று தொடங்காதீர்கள். அந்த அவையடக்கம் உங்கள் மூன்று நிமிடத்தில் அரை நிமிடத்தைத் தின்றுவிடும். மூத்தவருக்கும் ஒன்றும் கிடைக்காது. மூத்தவர்கள் மன்றத்துக்கு வருவதும் திருத்திக்கொள்ளத்தான். பல நேரம் அவர்களுக்குப் பாராட்டு மட்டுமே கிடைக்கிறது.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே அவரிடம் பேசுங்கள். இந்தப் பேச்சின் நோக்கம் என்ன, எந்தப் பாடத்திட்டப் பயிற்சி, எதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும் என்று கேளுங்கள். "கைகளை என்ன செய்கிறேன் என்று பாருங்கள்" என்று அவரே சொன்னால் உங்கள் தயக்கம் பாதி போய்விடும். அவர் கேட்டதற்குத்தானே பதில் சொல்கிறீர்கள்.

பேச்சின்போது தாளை நடுவில் கோடிட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் அவர் சொன்ன சொல் அல்லது செய்த செயல், அப்படியே. வலப்பக்கம் அது உங்களுக்குள் உண்டாக்கிய விளைவு. 'நன்று', 'சுமார்' போன்ற தீர்ப்புகளை எழுதாதீர்கள். பிறகு பார்க்கும்போது எதற்கு எழுதினோம் என்று நினைவிருக்காது. எழுதிக்கொண்டே இருந்தால் முகபாவத்தைத் தவறவிடுவீர்கள். ஏழெட்டுக் குறிப்புகள் போதும்.

பேச்சு முடிந்ததும் அவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுங்கள்: தொடர வேண்டியவை இரண்டு, மாற்ற வேண்டியது ஒன்று. மீதியை எழுத்துப் படிவத்தில் கொடுத்துவிடலாம். ஐந்து ஆலோசனை கேட்டவர் அடுத்த பேச்சில் ஒன்றையும் செய்வதில்லை.

"குரலில் இன்னும் ஏற்ற இறக்கம் இருந்திருக்கலாம்" என்ற வாக்கியம் எந்தப் பேச்சுக்கும் பொருந்தும், அதனால் எந்தப் பேச்சாளருக்கும் பயன்படாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "கடிதத்தைப் பிரித்த இடத்தில் இரண்டு விநாடி நிறுத்தினீர்கள், அவை முழுதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. முடிவில் அந்த நிறுத்தம் இல்லை. 'அன்றோடு விட்டுவிட்டேன்' என்று சொன்ன உடனேயே நன்றி சொல்லிவிட்டீர்கள். அந்த வரிக்குப் பிறகு மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு நன்றி சொல்லுங்கள்." பிறகு அந்த வரியை நீங்களே ஒரு முறை சொல்லிக் காட்டுங்கள். செய்து காட்டிய ஆலோசனை மறக்காது. நீங்கள் சொன்ன பலமே திருத்தத்துக்கும் வழி காட்டுகிறது என்பதால் கேட்பவருக்கும் உறுத்தாது.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: தொடக்கம் 20 விநாடி, பலங்கள் ஒரு நிமிடம், ஆலோசனையும் செய்து காட்டலும் ஒரு நிமிடம், முடிவு 20 விநாடி. இரண்டே முக்கால் நிமிடத்துக்குள் இறங்கிவிடலாம். பேச்சின் சுருக்கத்தைத் திரும்பச் சொல்லாதீர்கள், எல்லாரும் கேட்டதுதான். அவருடைய கருத்தோடு உடன்படுகிறீர்களா என்பதும் இங்கே தேவையில்லை. பாராட்டு, குறை, மறுபடி பாராட்டு என்ற அடுக்கு முறையைப் பலர் கற்றுத் தருகிறார்கள். தொடக்கத்தில் உதவும். ஆனால் அவை அதைப் பழகிவிட்டால் முதல் பாராட்டு காதில் ஏறாது; "ஆனால்" எப்போது வரும் என்றே காத்திருப்பார்கள்.

கேள்வி: திடீர்ப் பேச்சுப் பகுதியை நடத்தப்போகிறேன். கேள்விகளை எப்படி எழுதுவது? சென்ற முறை நான்கு பேரில் இருவர் அரை நிமிடத்தில் இறங்கிவிட்டார்கள்.

கேள்வி கடினமாக இருந்ததால் இறங்கியிருக்க மாட்டார்கள். ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்வியாகவோ, தகவல் தெரிந்தால்தான் பேசக்கூடிய கேள்வியாகவோ இருந்திருக்கும். "செயற்கை நுண்ணறிவு நல்லதா?" என்றால் படித்தவர் பேசுவார், மற்றவர் விழிப்பார். "உங்களுக்கு வேண்டாம் என்று நீங்கள் விலக்கி வைத்த ஒரு கருவி எது, ஏன்?" என்றால் எல்லாரிடமும் பதில் இருக்கும். பதில் பேசுபவரின் வாழ்க்கைக்குள்ளேயே கிடைக்கும்படி கேளுங்கள். ஒரே மூச்சில் வாசிக்கும் நீளம், அதாவது பதினைந்து சொல்லுக்குள் இருக்கட்டும். குடும்பத் துயரம், மதம், கட்சி அரசியல், வருமானம் ஆகியவற்றைத் தொடாதீர்கள். தேவைக்கு மேல் இரண்டு கேள்வி கையில் வையுங்கள்.

கேள்வியை முதலில் வாசியுங்கள். இரண்டு விநாடி நிறுத்துங்கள். பிறகு பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் நிம்மதியாகிக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள், அழைக்கப்பட்டவருக்கும் பதற்றத்தில் கேள்வி காதில் விழாது. அன்று வேறு பொறுப்பு இல்லாதவர்களை முதலில் அழையுங்கள். புதியவரை முதல் ஆளாக நிறுத்த வேண்டாம்.

பேசுபவர்களுக்கும் ஒரு குறிப்பு. முதல் வாக்கியத்திலேயே நேரடிப் பதிலைச் சொல்லிவிடுங்கள். பிறகு ஒரு காரணம், ஒரே ஒரு நிகழ்ச்சி, மறுபடி அந்தப் பதில். நிகழ்ச்சியை இடம், ஆள், என்ன நடந்தது என்று விரித்தாலே பச்சை அட்டை வந்துவிடும்.

கேள்வி: மன்றத்தில் செந்தமிழில் பேசுவதா, பேச்சுத் தமிழிலா?

இரண்டும் சரி. ஒரே வாக்கியத்தில் இரண்டும் கலந்தால்தான் காது கூசும்: "நான் சென்றுக்கிட்டு இருந்தேன்" என்பது போல. அடிப்படை நடை ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். எழுத்துத் தமிழில் பேச்சு நடத்திக்கொண்டே, கதைமாந்தர் உரையாடலை மட்டும் பேச்சு வழக்கில் தருவது அழகாகப் பொருந்தும்.

புதியவர்களுக்குப் பேச்சு வழக்கே எளிது. எழுத்து நடையில் எழுதி மனப்பாடம் செய்தவர், ஒரு சொல் மறந்தால் முழு வரியையும் இழந்து நிற்கிறார். குறிப்பு மட்டும் எழுதி, வாயால் பேசிப் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவைக் கேட்டு எழுதினால் உங்கள் நடையிலேயே உரை கிடைக்கும். மேடைக்கு அதையும் கொண்டுபோக வேண்டாம். முதல் வரி, கடைசி வரி, நடுவில் மூன்று தலைப்புகள் மனதில் இருந்தால் போதும். ஆங்கிலப் பேச்சுக்குச் சொல்லும் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற கணக்கைத் தமிழுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் சொற்கள் விகுதிகளோடு நீளமானவை. உங்கள் உரையில் ஒரு பக்கத்தை மேடை வேகத்தில் வாசித்து நேரம் பாருங்கள், மீதியை அதை வைத்துக் கணக்கிடுங்கள். ழ, ள, ல வேறுபாட்டுக்கு, தடுக்கும் சொற்களை மட்டும் தனியே பட்டியலிட்டுத் தினமும் மெதுவாகச் சொல்லிப் பழகுங்கள்.

கேள்வி: எந்த அமைப்பையும் சேராத சிறு குழு நாங்கள். இதே முறையைப் பின்பற்றலாமா?

தாராளமாக. இந்த வடிவமே சிறு குழுக்களில் பிறந்ததுதான். ரால்ப் ஸ்மெட்லி என்பவர் 1905-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள புளூமிங்டனில், ஒய்.எம்.சி.ஏ. இளைஞர்களுக்காகப் பேச்சுப் பயிற்சிக் கூட்டம் தொடங்கினார். கலிபோர்னியாவின் சாந்தா ஆனாவில் 1924 அக்டோபர் 22 அன்று கூடிய குழுவே இன்றைய டோஸ்ட்மாஸ்டர்ஸ் அமைப்பின் முதல் மன்றமாகக் கருதப்படுகிறது. 1932-ல் அது அமைப்பாகப் பதிவானது. பெண்களை அதிகாரபூர்வமாக உறுப்பினராக்கியது 1973-ல்தான்.

எட்டுப் பேர் மட்டும் இருந்தால் ஒருவரே டைமராகவும் ஆ-கவுண்ட்டராகவும் இருக்கலாம், பொது மதிப்பீட்டாளரை விட்டுவிடலாம். கடிகாரத்தையும் ஒவ்வொரு பேச்சுக்குமான மதிப்பீட்டையும் மட்டும் விடாதீர்கள். அவை இரண்டும் போனால் மிஞ்சுவது அரட்டைதான்.

கேள்வி: பொறுப்பேற்றவர்கள் கடைசி நாளில் வர முடியாது என்று சொல்லிவிடுகிறார்கள். பேச்சாளர்களையும் பொறுப்புகளையும் ஒதுக்கும் கல்விப் பொறுப்பாளராக நான் என்ன செய்வது?

வாட்ஸ்அப் குழுவில் "யார் பேசுகிறீர்கள்?" என்று பொதுவாகக் கேட்பதை நிறுத்துங்கள். எல்லாரையும் கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லை. நான்கு கூட்டங்களுக்கான பொறுப்புப் பட்டியலை முன்கூட்டியே போட்டு, ஒவ்வொருவருக்கும் தனியாகச் செய்தி அனுப்புங்கள். ஒரு வாரம் முன்பு பேச்சாளரிடம் தலைப்பையும் பேச்சின் நோக்கத்தையும் வாங்கிவிடுங்கள். தலைப்பு தராதவர் பெரும்பாலும் தயாராகவில்லை என்று பொருள். அவருக்குப் பதில் ஆள் தேட அப்போதே நேரம் இருக்கிறது. மூன்று நாள் முன்பு எல்லாப் பொறுப்பாளர்களிடமும் ஒரு சொல்லில் உறுதி கேளுங்கள்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு மாற்றுப் பேச்சாளர் பெயரை நிரலிலேயே போடுங்கள். அவர் அந்த வாரம் பேசாவிட்டால் அடுத்த கூட்டத்தின் முதல் பேச்சு அவருடையது என்ற உறுதி இருந்தால் தயாரித்த உழைப்பு வீணாகாது, மறுபடி கேட்டாலும் சம்மதிப்பார். வர முடியாதவரே மாற்று ஆளைப் பேசி ஏற்பாடு செய்துவிட்டு உங்களிடம் சொல்ல வேண்டும் என்ற விதியை எல்லாரும் சேர்ந்து ஏற்றுக்கொள்ளுங்கள். புதிய உறுப்பினருக்கு முதலில் டைமர், பிறகு ஆ-கவுண்ட்டர், மூன்றாவதாக அறிமுகப் பேச்சு என்ற வரிசை நன்றாக வேலை செய்கிறது. சேர்ந்த ஒரு மாதத்துக்குள் அறிமுகப் பேச்சுக்குத் தேதி குறித்துக் கொடுத்துவிடுங்கள். தேதி இல்லாமல் விட்டவர்கள்தான் இரண்டாவது மாதத்தில் வராமல் போகிறவர்கள்.